வலது கை சிலுவைக்கு, முழங்கால் ஸ்டியரிங்குக்கு

எங்கள் எஸ்டேட்டில் என்னை யாரும் சூசையப்பன் என்று கூப்பிடுவதில்லை. டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவி ரோசியை டிரைவர் வீட்டம்மா என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனையைக்கூட டிரைவர் பூனை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட டிரைவருக்கு இரண்டரை வருடமாக லைசென்ஸ் இல்லை என்ற சங்கதி போன மே மாதம்தான் வெளியே வந்தது. ஊருக்குத் தெரியாமல் நான் மறைத்து வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நான் ஓட்டுவது எஸ்டேட்டின் பள்ளிக்கூட ஜீப். காலையில் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒன்பது வளைவு இறங்கி, பூப்பாறையில் பள்ளிக்கூட வாசலில் விட வேண்டும். சாயங்காலம் அதே ஒன்பது வளைவும் ஏறித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. இதுவும் தெரியாது என்பதுதான் இந்தக் கதை.

ஒன்பது வளைவில் ஐந்தில் குருசடி உண்டு. சாலையோரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதாவோ அந்தோணியாரோ குதிரை மேல் ஜார்ஜியாரோ இருக்கும் சின்னச் சிலுவைக் கோயில். அதைக் கடக்கும்போதெல்லாம் என் வலது கை ஸ்டியரிங்கை விட்டுப் புறப்பட்டு, நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று ஒரு சுற்றுப் போய், கடைசியில் விரலுக்கு ஒரு முத்தமும் வாங்கிக்கொண்டுதான் திரும்பும். வளைவு என்பதால் அந்நேரம் இடது கை கியரில் இருக்கும். அப்படியானால் ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தது என்று கேட்பீர்கள். என் முழங்கால். அது பிரேக் மிதிக்கப் போயிருந்தால், மாதா.

இதில் எனக்கு நல்ல பெயர் வேறு. எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்ற வீட்டுத் தாய்மாரும் இந்த ஒரு காரணத்துக்காகவே என்னை நம்பினார்கள். மாரித்தாய் என்று தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒரு பெண். "டிரைவரு ஜீப்புல புள்ளைய ஏத்திவிட்டா நிம்மதியா மலைக்குப் போயிருவேன். கும்பிடாம ஒரு வளைவு திரும்ப மாட்டாரு மனுசன்" என்று குழாயடியில் அவள் சொன்னதாக ஒருநாள் ரோசி வந்து சொன்னாள். அன்றைக்கு நான் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பக்தி இல்லை, பயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் பதினொரு பிள்ளைகள். டிரைவர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி உள்ளவன் கியரைக் குறைத்து மேட்டுப் பக்கம் ஒடித்திருப்பான். நான் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிச் சிலுவை போட்டேன். ஜீப் தன் பாட்டுக்குப் போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து நின்றது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. காப்பாற்றியது மரம், பெயர் வாங்கியது என் வலது கை. அன்றிலிருந்து அந்தக் கையை நம்ப ஆரம்பித்தேன். அந்த மரத்தை நாலு வருடத்துக்கு முன் வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் வளைவில் கையை எடுப்பதை நான் நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் மே மாதத்தில் பிள்ளைகளை ஏற்றும் வண்டிகளை எல்லாம் மைதானத்தில் நிறுத்திப் பரிசோதிப்பார்கள். ஜீப்பைக் கழுவி, வைப்பர் மாற்றி, முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வைத்து, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன் மாதிரி போய் நின்றேன். ஜின்சி மேடம் என்று ஒரு மலையாளி வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர். டயரைப் பார்த்தார், சரி. விளக்கைப் பார்த்தார், சரி. முன்பு வந்தவர்கள் வண்டியைப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள், இவர் லைசென்ஸும் கேட்டார். பையிலிருந்து கவரோடு எடுத்துக் கொடுத்தேன்.

"சேட்டா, இது காலாவதி கழிஞ்சு ரெண்டர வருஷம் ஆச்சு."

"அப்படி இருக்காது மேடம். போன மாசந்தான் புதுக் கவர் மாத்துனேன்."

அவர் கவரைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் லைசென்ஸ், மறுபக்கம் அந்தோணியார் படம். என் ஐம்பதாவது பிறந்தநாளோடு லைசென்ஸ் முடிந்திருக்கிறது. இரண்டரை வருடமாக நான் தினமும் அந்தோணியார் பக்கத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டு வண்டி எடுத்திருக்கிறேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று பெயரெடுத்த புனிதர், தன் முதுகுக்குப் பின்னால் காணாமல் போனதைச் சொல்லவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் தாண்டிவிட்டதால் சும்மா புதுப்பிக்க முடியாது, மறுபடி ரோடு டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி என்னைவிட வேகமாக எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபீஸில் மேனேஜர் தொரை ஜீப் சாவியை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார். ஜூன் முதல் திங்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் லைசென்ஸோடு வந்தால் சாவி உனக்கு, இல்லையென்றால் பாண்டித்துரைக்கு என்றார். எனக்குச் செடிக்கு மருந்தடிக்கும் வேலை தருவாராம். ஐம்பத்திரண்டு வயதில் முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறுவதை நினைத்தாலே பயம். அதைவிட, பாண்டித்துரையை நினைத்தால் பயம். நல்ல மனிதன். எஸ்டேட் டிராக்டரை ஓட்டுகிறவன். ஆனால் வளைவில் ஹாரன் அடிப்பதை மானக்கேடாக நினைப்பவன். அவனிடம் எப்படிப் பிள்ளைகளை விடுவது என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். முழங்காலால் ஓட்டியவனுக்கு வந்த கவலையைப் பாருங்கள்.

முதல் டெஸ்டுக்குப் போன அன்று டிரைவிங் ஸ்கூல் கார் பக்கத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. "பயப்படாதீங்கப்பா, வளைவுல எப்படித் திருப்பணும்னு நான் காட்டுதேன், பின்னால உக்காந்து பாத்துக்கிடுங்க" என்று தைரியம் சொன்னேன். மூன்று பேர் என்னை நம்பிப் பின் சீட்டில் ஏறினார்கள்.

சீட் பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஜின்சி மேடம் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தார். "அது மாலையல்ல சேட்டா. கொளுத்தணும்." மலையாளத்தில் கொளுத்துவது என்றால் கொக்கியில் மாட்டுவது. மாட்டினேன். வண்டி நகர்ந்தது. டெஸ்ட் ரோட்டில் மூன்று குருசடி. போனோம், திரும்பினோம், மைதானத்தில் நிறுத்தினேன். நிறுத்திய அழகைப் பின்னால் இருந்தவர்கள் கவனித்தார்களா என்று கண்ணாடியில் பார்த்தேன்.

"எத்தனை தவண கை எடுத்தீங்கன்னு அறியுமா?" என்று கேட்டார் மேடம்.

"கையா? நானா? எடுக்கவே இல்லையே மேடம்."

அவர் பின்னால் திரும்பினார். மூன்று பேரும் ஒரே குரலில் "ஆறு" என்றார்கள். போகும்போது மூன்று, வரும்போது மூன்று. முதல் டெஸ்டில் நான் தோற்றேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்த மூவரும் பாஸ்.

"சேச்சி... மேடம், நீங்களும் நம்ம ஆளுதானே, கழுத்துல சிலுவை கெடக்கே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கர்த்தருக்கு சேட்டன்ற மனசு அறியும். அங்கே கை காட்ட வேண்டாம். ரோட்ல வாரவங்களுக்கு மனசு அறியாது. அவங்களுக்குக் கைதான் வேணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

இரண்டு வாரமும் கையை எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது போதும் என்று நினைத்தேன். இரண்டாவது டெஸ்டில் முதல் குருசடியை இரண்டு கையோடு கடந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது குருசடியை நெருங்கும்போது முன்னால் ஒருவர் சைக்கிளில் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தார். ஹெல்மெட், பளபளப்பான சட்டை, மலை பார்க்க வந்தவர். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தார். பாவம், இந்த ஏற்றத்தில் இந்த ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று என் மனம் இளகியது. அவருக்காகவும் சேர்த்துச் சிலுவை போட்டேன். போடும்போது அவர் மேலேயே சாய்ந்தேன்.

மேடத்தின் காலடியில் இருந்த இன்னொரு பிரேக் மட்டும் இல்லையென்றால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் ஒரு காலை ஓடையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியை இறுகும் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பாட்டிலைத் திரும்ப மாட்டிவிட்டு, சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு நடந்தார்.

"சைக்கிளைக் கடக்கும்போ ஒண்ணர மீட்டர் விடணும். நீங்க ஒண்ணர விரல் விட்டீங்க" என்றார் மேடம்.

"அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் மேடம் கும்பிட்டேன்."

"நீங்க கும்பிடாம இருந்தா அவருக்கு ஆபத்தே இல்லை சேட்டா."

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் மோனிஷா வந்து உட்கார்ந்தாள். முன்னே சொன்ன மாரித்தாயின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை என் ஜீப்பில் போனவள், இப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் அன்றுதான் டெஸ்ட். முதல் தடவையிலேயே பாஸ். சந்தோஷத்தைக் காட்டினால் நான் வருத்தப்படுவேன் என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாலு வளைவு தாண்டிய பிறகு மெதுவாக வாயைத் திறந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?"

"கோவப்பட இனி என்ன மிச்சம் இருக்கு? சொல்லு."

"ஜீப்புல வாரப்ப குருசடி வந்தாலே நாங்க எல்லாரும் கம்பியப் புடிச்சுக்கிடுவோம். புதுசா ஒண்ணாப்புக்கு வார புள்ளைகளுக்கு மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுப்போம். மாமா கைய எடுத்தா நீ கம்பியப் புடினு."

"நான் கும்பிடுததப் பாத்து நீங்களும் பின்னால கும்பிடுதீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றேன்.

"கும்பிடவும் செஞ்சோம் மாமா. நீங்க கையத் திரும்ப வைக்கணும்னு."

"ஏன் புள்ள, வீட்டுல ஒருத்தரும் சொல்லலையா?"

"சொன்னோம். சாமி கும்பிடுத மனுசனக் குத்தம் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா வாயிலயே போட்டாங்க."

பஸ் மேலிருந்து மூன்றாவதான என் பழைய வளைவைத் திரும்பியது. மரம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. நான் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், அதெல்லாம் தோளோடு போய்விடும். இது போகவில்லை. இருபத்தாறு வருடமாக நான் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்ட அடக்கமான பிள்ளைகள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அ, ஆ படிக்கும் முன்பே என்னிடம் எப்படித் தப்பிப்பது என்று படித்திருக்கிறார்கள். வெட்கத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மோனிஷா என் கையைத் தொட்டாள். அதுவும் வலது கை.

வீட்டுக்கு வந்து ரோசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சாவி பாண்டித்துரைக்கே போகட்டும். நான் மருந்தடிக்கப் போறேன். எனக்குப் பயம் ரோசி. மொத நாள்ல இருந்தே பயந்தான்" என்றேன். முப்பது வருடத்தில் அவளிடம் இதைச் சொன்னது அன்றுதான்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, பயப்படுதவன்தான ரெண்டு கையாலயும் புடிக்கணும்? பயமில்லாதவன் ஒத்தக் கையில ஓட்டுவான். நீங்க எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி, உங்களுக்கு ரெண்டு கையே பத்தாதே!"

இருபத்தாறு வருடமாக எனக்குத் தோன்றாதது அவளுக்கு அடுப்படியில் நின்றபடியே தோன்றிவிட்டது. அன்றே பயிற்சி தொடங்கியது. நான் கட்டிலில் உட்கார வேண்டும், கையில் சாப்பாட்டுத் தட்டு. அதுதான் ஸ்டியரிங். ரோசி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் அகப்பையோடு ஜின்சி மேடமாக உட்கார்ந்தாள். வெங்காயம் உரித்தபடியே திடீரென்று "மாதா குருசடி!" என்பாள். என் கை எழும். அகப்பை விழும். "அந்தோணியார்!" கை எழும், அகப்பை விழும். "ஜார்ஜியார், முன்னால சைக்கிள்!" என்று கூடுதலாகச் சோதிப்பாள். முதல் மூன்று நாள் மணிக்கட்டு வீங்கிப்போனது. ஒரு வாரத்தில் வான்தூதரே வந்து நின்றாலும் தட்டை விடாத நிலைக்கு வந்துவிட்டேன்.

வந்த வேகம் கொஞ்சம் அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் "பிதா, சுதன்" என்று தொடங்கியதும் கோயிலே சிலுவை போட்டது. நான் மட்டும் முன் பெஞ்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோசி இடுப்பில் இடித்தாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "இங்க போடலாங்க, இங்க போடலாம்" என்று அவள் காதில் சொன்ன பிறகுதான் கை எழுந்தது.

மூன்றாவது டெஸ்ட் மே மாதக் கடைசி வெள்ளி. அன்று தோற்றால் திங்கட்கிழமை சாவி பாண்டித்துரைக்கு. காரில் ஏறி, பெல்ட்டைக் கொளுத்தி, வண்டி எடுக்கும் முன் "மேடம், நிக்கித வண்டியில போட்டுக்கிடலாமா?" என்று கேட்டேன். "நின்ன வண்டியில நூறு தவண போடுங்க" என்றார். ஒரே ஒரு தடவை, ஆனால் நிதானமாகப் போட்டேன். அப்புறம் கிளம்பினேன்.

முதல் குருசடி. உள்ளங்கை அரித்தது. ரோசியின் அகப்பையை நினைத்துக்கொண்டேன். இரண்டாவது குருசடி. முன்னால் மறுபடி ஒரு சைக்கிள். கொடுமையைப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து, அவர் பின்னாலேயே மெதுவாகப் போனேன். வளைவு முடிந்து ரோடு நேராகி, எதிரில் வண்டி இல்லை என்று பார்த்த பிறகுதான் வலது பக்கம் நன்றாக விலகிக் கடந்தேன். ஒன்றரை மீட்டர் போதும். பயத்தில் நான் மூன்று மீட்டர் விட்டிருப்பேன். மூன்றாவது குருசடியில் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரக்கண்ணில் பக்கத்து சீட் தெரிந்தது. ஜின்சி மேடம் பேனாவை மடியில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார். அது குருசடிக்காகவா, என் டிரைவிங்குக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரும்போதும் மூன்றிலும் கை எழவில்லை. மைதானத்தில் நிறுத்தியதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை நல்ல மழை. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். அதில் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் குழந்தை, கண்ணெல்லாம் கண்ணீர். தாய்மார் குடையோடு நின்றார்கள். இன்ஜினைப் போடாமல், ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு, ஐந்து குருசடிக்கும் சேர்த்து ஒரே சிலுவையாகப் போட்டேன். "இன்னைக்கு என்ன டிரைவரு இங்கயே கும்பிடுதாரு?" என்று கொழுந்தெடுக்கக் கிளம்பிய மாரித்தாய் நின்று கேட்டாள். "இனிமே எப்பவும் இங்கதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் குருசடி வருவதற்கு முன் கண்ணாடியைப் பார்த்தேன். மோனிஷா சொன்னது பொய்யில்லை. பன்னிரண்டு பேரும் கம்பிக்குக் கையை நீட்டினார்கள். நாலாம் வகுப்பு சிஞ்சு, புதுப் பிள்ளையின் கையை எடுத்துக் கம்பியில் வைத்து, "புடி, மாமா இப்பக் கைய எடுப்பாரு" என்றாள். பன்னிரண்டு பேர் கண்ணும் என் வலது கை மேல் இருந்தது. இத்தனை வருடமாக அந்தக் கண்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பக்தி என்று நினைத்திருக்கிறேன். ஹாரன் அடித்து, இரண்டு கையாலும் வளைவைத் திருப்பினேன்.

இரண்டாவது குருசடியிலும் பிடித்திருந்தார்கள். மூன்றாவதில் பெரிய பையன் ஒருவன் கம்பியை விட்டுவிட்டு, சந்தேகம் வந்து மறுபடி பிடித்துக்கொண்டான். நாலாவதில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது குருசடியில் கண்ணாடியைப் பார்த்தபோது சிஞ்சு கம்பியின் பக்கமே திரும்பவில்லை. புதுப் பிள்ளையின் அவிழ்ந்த சடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு கையாலும்.